திரும்பிப் பார்க்காத சுவர்

நான் செத்துப் பிழைத்த அன்று என் மானத்துக்கு ஒரு குறையும் வரவில்லை. அதற்கு எங்கள் ஊர்ச் சமூகக் கூடத்து ஆண்கள் சாட்சி. சாட்சி என்று சொல்வதும் தப்பு. ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லையே.

பார்க்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவளே நான்தான். கூடத்தின் முதலுதவிப் பொறுப்பு என்னுடையது. ஒரு பெண் மயங்கி விழுந்தால், சட்டையை விலக்கி நெஞ்சில் மின் அதிர்ச்சிப் பட்டை ஒட்ட எங்கள் ஆண்களுக்குக் கை வராது. நாளைக்கு யார் என்ன பேசுவார்களோ என்று பயம். அதனால் விழுந்தவளைச் சுற்றி, முதுகைக் காட்டி நின்று மறைக்கும் மனிதச் சுவரைப் பயிற்சியில் சேர்த்தேன். பயிற்சிப் பொம்மைக்கு என்னுடைய பழைய முத்துப் பொத்தான் சட்டையையும் மாட்டிவிட்டேன்.

"நுமாதா சான், கண்ணு எங்க போகுது? பொம்மைன்னா அதுக்கு வெக்கம் இல்லையா?"

கூடத் தலைவர் நுமாதா காதுவரை சிவந்து திரும்பிக்கொள்வார். என் கணவர் எய்ஸோவுக்குத் திட்டு இன்னும் பலமாக விழும். வீட்டுக்காரர் என்று சலுகை காட்டினால் ஊர் சிரிக்காதா?

என் பேச்சைக் கேட்காத ஒரே ஆள் தொகாஷி. மாவு பிசைந்து ஊதோன் நூடுல்ஸ் செய்யும் கடை வைத்திருப்பவள். கனத்த தோள், அதைவிடக் கனத்த வாய். பயிற்சிக்கு வந்த அன்றே பொம்மையின் சட்டையைப் பிடித்து ஒரே கிழி கிழித்தாள். முத்துகள் சிதறி ஓடின. பிறகு அவள் அமுக்கிய அமுக்கில் பொம்மைக்குள் ஏதோ மடார் என்று உடைந்தது.

"இப்படியா அமுக்குவாங்க? மாவு பிசையறதா நெனப்பா?"

"மெல்ல அமுக்குனா செத்தவன் கூச்சத்துல சிரிப்பான், டீச்சர். எந்திரிக்க மாட்டான்."

"நீங்க இனிமே பொம்மையத் தொடவே வேணாம். வாசல்ல நின்னு ஆம்புலன்ஸுக்கு வழி காட்டுங்க, போதும்."

இலையுதிர் காலத்துச் செவ்வந்திக் கண்காட்சி அன்று, நுமாதாவின் பரிசு வாங்கிய பூந்தொட்டிக்கு முன்னால் நின்றது நினைவிருக்கிறது. அப்புறம் தரைதான். மற்றதெல்லாம் கூடத்துக் கேமராவும் தொகாஷியின் வாயும் சொன்னவை. வாசலில் நின்ற தொகாஷியைத் தவிர, பெண்கள் எல்லாரும் பின்கட்டுச் சமையலறையில் ஓதென் குழம்பு கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். முன்னால் இருந்தது ஆண்கள் மட்டும்.

ஒருவர் ஆம்புலன்ஸுக்காக 119க்குப் போன் செய்தார். மற்றவர்கள் கண்மூடித் திறப்பதற்குள் சுவர் கட்டினார்கள். பயிற்சியில் ஒருநாளும் வராத நேர்த்தி! நுமாதா ஓடிப்போய், இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் பெட்டியைக் கொண்டுவந்தார். என் தலைமாட்டில் வைத்தார், திறந்தார். பிறகு சுவரில் ஓர் ஆள் இடம் காலியாக இருப்பதைப் பார்த்து, அதில் போய் நின்றுகொண்டார்.

"நெஞ்சில் உடையை விலக்குங்கள். பட்டைகளை ஒட்டுங்கள்" என்றது பெட்டி.

"கேக்குதில்ல? ஒட்டுங்கப்பா" என்றார் ஒருவர், தெருவைப் பார்த்தபடி.

"ஒட்டிக்கிட்டுத்தான் இருப்பாங்க. பேசாம நில்லு" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

பெட்டி மறுபடியும் சொன்னது. அதற்கு இருந்த பொறுமை எனக்குக்கூடக் கிடையாது.

வாசலில் நின்ற தொகாஷிக்கு அது பொறுக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"செவுரு பிரமாதம். உள்ள யாரு இருக்கா?"

"தெரியாது. நாங்க பாக்கல" என்றார் நுமாதா, பெருமையாக.

அவள் முழங்கையால் இடித்துக்கொண்டு உள்ளே போனாள். சட்டை கிழிந்தது, பொத்தான்கள் பறந்தன. பட்டை ஒட்டினாள், பெட்டி ஒரு தடவை என்னைத் தூக்கிப்போட்டது, அவள் மாவு பிசைந்தாள். இரண்டு விலா எலும்பு போயிற்று. நான் திரும்பி வந்தேன்.

மருத்துவமனைக்கு எய்ஸோ ஒரு பாராட்டுப் பத்திரத்தையும் பெர்சிமன் பழங்களையும் கொண்டுவந்தார். ஒரு பெண்ணின் கண்ணியத்தைக் காத்த சுவருக்குக் கூடம் கொடுத்த பத்திரம். அதில் நின்ற ஆளுக்கு ஒன்று. தொகாஷிக்கு என்ன கிடைத்தது என்று கேட்டேன். வாசலைவிட்டு வந்ததால் ஆம்புலன்ஸ்காரர்கள் வழி தெரியாமல் சமையலறைக்குள் போய்விட்டார்களாம். இனிமேல் அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்ளும்படி நுமாதா பணிவாகக் கேட்டுக்கொண்டாராம்.

"அப்ப நீங்களும் அந்தச் செவுத்துலயா நின்னீங்க?"

"நின்னேன்." ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து பழத்தைச் சீவிக்கொண்டிருந்தார்.

"நான் சாகக் கெடக்கறேன். ஒருதடவ திரும்பிப் பாக்கத் தோணலையா?"

"தோணுச்சு."

"அப்புறம்?"

"பாத்தா நீ திட்டுவியே." பழம் சீவிய கத்தி நின்றுவிட்டது. "எப்படா திட்டுவியோன்னுதான் காதைத் தீட்டிக்கிட்டு நின்னேன். பின்னால ஒரு சத்தமும் வரல, ஹத்ஸுஎ."

எனக்கு அழுகை வந்தது. அழுதால் விலா வலிக்கிறது, என்ன செய்ய? அவரோ இன்னும் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தாங்க, இங்க திரும்புங்க" என்றேன். "என்னப் பாருங்க."