தையல்காரி சொல்லாத சொல்

1

இந்தக் கதை எனக்கு எதிர்வீட்டு ஜன்னல் வழியாகக் கிடைத்தது. அக்கறையோடு விசாரித்து அறிந்தேன் என்று எழுதினால் எங்கள் தெருவே சிரிக்கும். என் அடுப்படி ஜன்னலும் தையல்காரியின் ஜன்னலும் நேருக்கு நேர். பால் பொங்கும்வரை ஒரு மனுஷி வேறு எங்கேதான் பார்ப்பாள்?

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அந்த நாயின் கண்களில் ஆழமானதொரு சோகம்—’

அடித்துவிட்டேன். பட்டனின் கண்ணில் சோகமெல்லாம் கிடையாது. பீளைதான் இருந்தது.

(பட்டன் என்பது நாயின் பெயர். குட்டியாக வந்த அன்றே யாரோ ஒருவரின் சட்டைப் பட்டனை விழுங்கிவிட்டது. அது வெளியே வரும்வரை சட்டை தாமதமானது. தைத்துக் கொடுத்தது அதே பட்டன்தானா என்று அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.)

2

கதைக்கு வேண்டிய விவரம் ஒன்றே ஒன்றுதான். வேலை முடிந்ததும் தையல்காரி நூலைப் பல்லால் கடித்து அறுத்து, “போதும்” என்பாள். அவள் சொல்வது மெஷினிடம். ஆனால் மெஷினுக்கடியில் படுத்திருக்கும் பட்டன் அதைத் தனக்கான உத்தரவாக எடுத்துக்கொண்டது. சொல் காதில் விழுந்ததும் எழுந்து, சோம்பல் முறித்து, வாசலில் போய் நிற்கும். இருவரும் நடக்கக் கிளம்புவார்கள். இத்தனை வருடமும் அப்படித்தான்.

இப்போது பட்டனுக்குப் பின்னங்கால்கள் விழுந்துவிட்டன. அந்தச் சொல்லைக் கேட்டால் மட்டும் எழப் பார்க்கும். முன்பாதி எழும், பின்பாதி வராது, தாடை தரையில் மோதும். அதைப் பார்த்த அன்றோடு தையல்காரி அந்தச் சொல்லையே விட்டுவிட்டாள்.

[அடிக்குறிப்பு மாதிரி ஒன்று: நானும் இதற்குமேல் அதை எழுதப்போவதில்லை. பட்டனுக்குக் காது நன்றாகவே கேட்கிறது.]

3

இங்கே ஒரு குடும்பச் சண்டை எழுதி வைத்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில், வேன் ஓட்டும் அவள் புருஷன் பரிமாறிக்கொண்டே இருக்க, இவள் வாயே திறக்காமல் தட்டைக் கையால் மூடுவதைப் பார்த்திருந்தேன். இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று மேல்வீட்டு அக்காவிடம் சொன்னேன். சாயங்காலத்துக்குள் தெரு அவர்களைப் பிரித்தே வைத்துவிட்டது.

நேரிலேயே போய்க் கேட்டேன். (எழுதுகிறவள் கதாபாத்திரத்திடம் போய் இப்படிக் கேட்கக் கூடாதாம். கேட்காமல் எப்படி இருப்பது?)

“என்னடி, வீட்டுக்காரரோட பேச்சே இல்லையாமே?”

“யாருக்கா சொன்னா?”

“ஊரே சொல்லுது.”

“ஊருன்னா நீங்கதானேக்கா.” ஊசியில் நூல் கோத்தபடியே சிரித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். “அந்த வார்த்தையச் சொன்னா இவன் எந்திரிக்கப் பாக்கிறான்க்கா. விழுந்துடறான். அதான் சாப்பாட்டுக்குக்கூடச் சொல்றதில்ல.”

ஒரு நாய்க்காகத் தன் வாயிலிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்கி எறிந்திருக்கிறாள். என்னால் ஒரு பேச்சை ஒரு வேளைகூட அடக்கி வைக்க முடியாது. அன்று மேல்வீட்டுப் படியேறாமல் நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டேன். (இதை மேல்வீட்டு அக்கா இன்னும் நம்பவில்லை.)

4

மிருக வைத்தியர் வந்து பார்த்தார்.

“ஊசி போட்டா வலியில்லாம போயிடும்மா. எப்பன்னு நீங்கதான் சொல்லணும்.”

“இருக்கட்டும் டாக்டர். பாவம், அமைதியாத்தானே படுத்திருக்கான்.” மிதியை நிறுத்தாமல் சொன்னாள்.

[இந்த இடத்தில் வைத்தியரை வாழ்வு, மரணம் என்று நீளமாகப் பேசவைத்தேன். கிழித்துப் போட்டேன். பேசியவர் புருஷன். அவர் பேசிக் கேட்பதே அபூர்வம்.]

“எங்கடி அமைதியா படுத்திருக்கான்? கண்ண மூடுறானா பாரு. வேலை முடிஞ்சுதுன்னு நீ இன்னும் சொல்லவே இல்லியே. அவன் இன்னும் டியூட்டில இருக்கான்.”

மெஷின் நின்றது. அவள் குனிந்து பார்த்தாள். பட்டன் காதை நிமிர்த்திக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

“நாளைக்கு வாங்க டாக்டர்,” என்றாள்.

5

முடிவு ஒன்று: சொல்லைக் கேட்டதும் பட்டன் துள்ளி எழுந்து ஓட—

பொய்.

முடிவு இரண்டு: வைத்தியரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள்.

இது என் ஆசை. நாயின் ஆசை என்ன என்று யோசித்தவள் அவள்.

நடந்தது இதுதான். மறுநாள், பாதி தைத்திருந்த சட்டையை முடித்தாள். நூலைக் கடித்து அறுத்தாள். வாயைத் திறக்கவில்லை. மெஷினுக்கு உறை போட்டாள். பிறகு அவளும் புருஷனுமாகப் பட்டனைப் பாயோடு தூக்கிக்கொண்டுபோய் வாசற்படியில், அது எப்போதும் போய் நிற்கிற அதே இடத்தில் கிடத்தினார்கள். முதலில் வாசல், அப்புறம் சொல். இனி அது எழவேண்டியதில்லை, விழவும் வேண்டியதில்லை. இத்தனை தாள் கிழித்த எனக்கு இது தோன்றவே இல்லை.

அவள் தரையில் உட்கார்ந்து அதன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். வைத்தியர் ஊசியோடு அதன் பின்னால் மண்டியிட்டார். அவள் அதன் காதருகே குனிந்தாள்.

நான் ஜன்னலைச் சாத்திவிட்டு அடுப்படியை விட்டே வந்துவிட்டேன். நம்பாதவர்கள் என் அடுப்பை வந்து பார்க்கலாம். பால் பொங்கி வழிந்தது அப்படியே காய்ந்து கிடக்கிறது.

ஆகவே கடைசி வரி என்னிடம் இல்லை. சொல் உங்களுக்குத் தெரியும். உரக்க வேண்டாம். அவன் வாசலுக்கு வந்துவிட்டான். காதை நிமிர்த்தி உங்கள் வாயைத்தான் பார்க்கிறான். சொல்லுங்கள்.