இருபத்து நாலு ‘சிரமமில்லை’

ஒன்பது வயதுப் பெண் ராத்திரி எப்படித் தூங்குகிறாள் என்று சொன்னால் ஐந்நூறு ரூபாய் தருவார்களாம். குழாய்க்கடைக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அந்தக் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கள்ளநோட்டைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். ஆறு மாதத்துக்கு முன் அதே ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் அவர் மகள் பதினோரு நாள் மூச்சுக்கருவியோடு கிடந்தாள். அன்று வாங்கிய கை இன்று கொடுக்கிறதென்றால் உள்ளே ஏதோ விவகாரம் இருக்கிறது.

“பஸ் செலவுக்குத் தர்றாங்க,” என்றாள் மனைவி. “பிழைச்சு வீட்டுக்குப் போன பிள்ளைங்க அப்புறம் எப்படி இருக்காங்கன்னு ஆராய்ச்சியாம்.”

“ஐந்நூறுக்கு எந்த பஸ்? ஆகாயத்துல போறதா?”

ஆனாலும் மகளோடு போனார்கள். மூன்றாவது மாடியில், நடைக்கோடியில் ஒரு அறை. குட்டை மேஜை, ஒன்றுக்கொன்று ஜோடி சேராத நாலு நாற்காலிகள், சொட்டிக்கொண்டிருந்த ஒரு குழாய். ‘வாஷரே மாத்தத் தெரியாதவங்க ஆராய்ச்சி பண்றாங்களாம்’ என்று நினைத்துக்கொண்டார். கழுத்தில் ஸ்டாப்வாட்ச் தொங்க, கேன்வாஸ் ஷூ போட்ட டாக்டரம்மா ஒருத்தி படிவத்தை நீட்டினாள். இருபத்து நாலு கேள்வி. எதிரே ‘சிரமம்’, ‘சிரமமில்லை’ என்று இரண்டு கட்டம்.

கல்லாவில் இருபது வருஷம் உட்கார்ந்தவருக்கு ஒரு விஷயம் அத்துப்படி. குழாயை மூன்று தடவை திருப்பிப் பார்த்து ‘இங்க கீறல் இருக்கே’ என்பவன் விலையைக் குறைக்க வந்தவன். அவனிடம் விற்கிறவன் வாயைத் திறந்து கீறலைக் காட்டுவானா? இவர்கள் குறைகளை எழுதிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவார்களோ, மறுபடி உள்ளே படுக்க வைப்பார்களோ, யார் கண்டது! பிடி கொடுக்கக் கூடாது.

மளமளவென்று டிக் அடித்தார். சிரமமில்லை. சிரமமில்லை.

“ஏங்க, பொத்தான் போட அவ...”

மேஜைக்கடியில் மனைவியின் காலை மிதித்தார்.

அதற்குள் டாக்டரம்மா சிறுமியின் முன் துளைபோட்ட பலகை ஒன்றை வைத்திருந்தாள். ஒன்பது குச்சிகள், ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். முதல் குச்சி நின்றது. இரண்டாவது விழுந்தது. மூன்றாவதை எடுக்கும்போது விரல்கள் நடுங்கின. நாலாவது மேஜைக்கடியில் உருண்டது.

“பலகை வழுக்குது. எந்தக் கடையில வாங்கினீங்க?” என்றார் அப்பா.

“பலகை வழுக்கலப்பா,” என்றாள் மகள்.

டாக்டரம்மா நேரத்தைக் குறித்துக்கொண்டாள். கடைக்காரர் மேஜைமேல் எட்டிப் பார்த்தார்.

“என்ன எழுதினீங்க? காட்டுங்க.”

மறைப்பாள் என்று எதிர்பார்த்தார். தாளை அப்படியே அவர் பக்கம் திருப்பி வைத்தாள். “கைக்கு வாராவாரம் பயிற்சி வேணும், சார். ஆனா உங்க படிவத்துல மூணு சிரமமாவது இருந்தாத்தான் அனுப்பலாம்னு விதி. நீங்க ஒண்ணுகூடக் குடுக்கல. எனக்கு மேல இருக்கறவங்க படிவத்தைத்தான் பாப்பாங்க.”

“அப்போ குறை சொன்னா உங்களுக்கு என்ன லாபம்?”

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டரம்மா மட்டும் கொஞ்சமும் சங்கடப்படவில்லை.

“நிறைய இருக்கு. பயிற்சி குடுக்க இங்க ஒரே ஒரு ஆள்தான். எல்லாப் பெற்றோரும் நல்லா இருக்கான்னே எழுதினா, அவரும் எதுக்குன்னு எடுத்துடுவாங்க. உண்மை வந்தா இன்னொரு ஆளைக் கேட்டு வாங்குவேன். என் ஆராய்ச்சியும் நிலைக்கும், என் வேலையும் நிலைக்கும்.”

கடைக்காரர் முதல் தடவையாக அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்தார். ‘உங்களுக்காகத்தான் சார், எனக்கு ஒரு பைசா மிஞ்சாது’ என்று சத்தியம் செய்தவர்களிடமெல்லாம் ஏமாந்திருக்கிறார். தன் லாபத்தைத் தானே சொல்கிறவள் வேறு ஜாதிச் சரக்கு. பாதி சந்தேகம் இன்னும் போகவில்லை. இருந்தாலும் புதுப் படிவம் ஒன்று கேட்டு வாங்கினார்.

“பொத்தான்?”

“சிரமம்,” என்றாள் மனைவி.

“மாடிப்படி?”

“பாதியில உக்காந்துடறா.”

“ராத்திரித் தூக்கம்?”

மகள் முந்திக்கொண்டாள். “அந்த மெஷின் சத்தம் கேக்குதுப்பா. உங்ககிட்ட சொன்னா கடைக்குப் போக மாட்டீங்கன்னு சொல்லல.”

அவர் ‘சிரமம்’ கட்டத்தைக் கிழிக்கிற மாதிரி அழுத்தி டிக் அடித்தார். கடைசிக் கேள்வி, பெற்றோரின் தூக்கம் எப்படி என்பது. அதை ரெண்டு தடவை படித்தார், பேனாவை மூடினார்.

“அது அடுத்த தடவை பாக்கலாம்.”

டாக்டரம்மா கூட்டி எழுதினாள்: சிரமமில்லை பதினைந்து, சிரமம் எட்டு, பாக்கி ஒன்று.