காற்று வாங்கிய கடை

எங்கள் கடை காற்று வாங்கிக்கொண்டிருந்தது. நாய்களைக் குளிப்பாட்டி, முடி வெட்டி அனுப்பும் கடை. அந்த நேரம் பார்த்து, காற்றடித்து முடி உலர்த்தும் டிரையர் வாங்கலாம் என்று நான் சொன்னதும், என் வீட்டுக்காரர் தொட்டியைத் தேய்ப்பதை நிறுத்தினார்.

"ஏற்கெனவே கடை காத்து வாங்குது. இதுல காசு குடுத்து வேற காத்து வாங்கணுமா?"

இந்த மனிதர் ஒரு நாளைக்குப் பேசுவதே பத்து வார்த்தை. அதையும் இப்படித்தான் செலவழிப்பார்.

ஆனால் வேறு வழியில்லை. எங்களிடம் ஒழுங்காக வருவது பல் டாக்டரம்மாவின் நாய் ஒன்றுதான். பஞ்சுமூட்டை என்பது நாங்கள் வைத்த பேர். மேலே நீள முடி, அடியில் கம்பளி மாதிரி இன்னொரு அடுக்கு. போன முறை தலைமுடிக்குப் போடும் சின்ன டிரையரை வைத்துக் கை கடுக்கக் காயவைத்தேன். மேலே பளபளவென்று இருந்தது. அடியில் ஈரம் அப்படியே தங்கி, வீட்டுக்குப் போனதும் ஈரச்சாக்கு மாதிரி நாறியிருக்கிறது. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா நான் வேற கடை பாத்துக்கறேன்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். அவரும் போனால் ஷட்டரை இறக்கவேண்டியதுதான்.

அதனால் பஞ்சுமூட்டை வரும் அன்றைக்கே விற்பனைக்காரரை இரண்டு மெஷினோடு வரச் சொன்னேன். இவை சூட்டால் காயவைப்பதில்லை, காற்றை வேகமாக அடித்து வேரிலிருந்தே தண்ணீரைத் தள்ளிவிடும் என்றார். ஒன்றில் இரண்டு மோட்டார். இன்னொன்றில் ஒரே மோட்டார், வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு.

"ரெண்டு மோட்டாரைப் போடுங்க" என்றேன். சத்தம் போட்டால்தான் எதுவும் நடக்கும் என்பது என் கட்சி.

போட்டார். சீப்பு பறந்தது, துண்டு பறந்தது, சுவரில் இருந்த காலண்டர் பறந்தது. குளித்து ஈரமாக நின்ற பஞ்சுமூட்டை மேசையிலிருந்து குதித்து அடியில் போய்ப் புகுந்துகொண்டது. "பயப்படாதடா செல்லம்!" என்று மெஷினுக்கு மேலே கத்தினேன். அது இன்னும் உள்ளே போனது.

அடுத்தது ஒற்றை மோட்டார். வீட்டுக்காரர் நாயை மேலே ஏற்றி, திருகைக் குறைத்து வைத்து, முகத்துப் பக்கமே போகாமல் பின்னங்காலிலிருந்து ஆரம்பித்தார். தண்ணீர் சாரலாகத் தெறித்தது. நாய் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஐயோ, பாருங்களேன், எப்படி நிக்குது!"

நாய் மறுபடியும் மேசைக்கு அடியில்.

"இதுவும் சரிப்படாது போலிருக்கே" என்று விற்பனைக்காரர் குழாயைச் சுருட்டப் போனார். வீட்டுக்காரர் மெஷினை நிறுத்தினார். கடையில் ஒரு சத்தமும் இல்லை. பஞ்சுமூட்டை மூக்கை நீட்டிப் பார்த்து, மெல்ல வெளியே வந்தது.

"இப்ப என்னவாம் இதுக்கு?" என்றேன்.

உள்ளே போய்விட்டது.

விற்பனைக்காரர் என்னைப் பார்த்தார். பிறகு மரியாதையாக மின்விசிறியைப் பார்த்தார்.

"மெஷின்ல திருகு இருக்கு" என்றார் வீட்டுக்காரர். "உனக்கு எங்க இருக்குன்னு கல்யாணம் ஆன நாள்லேருந்து நானும் தேடறேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெளியாள் முன்னால்! திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியிலிருந்து இரண்டு கண்கள் என்னையே பார்த்தன. கடை பெரிதா, ரோஷம் பெரிதா? வாயை இறுக மூடிக்கொண்டு, திருகு வைத்ததையே எடுத்துக்கொள்கிறோம் என்று கையால் காட்டினேன்.

மீதி நாயை நானே உலர்த்தினேன், ஒரு வார்த்தை பேசாமல். காற்றுப் பட்ட இடமெல்லாம் முடி பிரிந்து தோல் தெரிந்தது. முடிக்கும்போது பஞ்சுமூட்டை என் கையில் தலையைச் சாய்த்துக்கொண்டது. இத்தனை நாளில் அது தானாக என்னிடம் வந்ததே இல்லை. அழுகை வந்துவிட்டது. அதையும் சத்தமில்லாமல்தான் அழுதேன்.

டாக்டரம்மா வந்து முடிக்குள் விரலை விட்டுத் துழாவினார். வயிற்றுக்கு அடியில், வாலுக்குக் கீழே. முகர்ந்தும் பார்த்தார்.

"சுத்தமா காஞ்சிருக்கே! அடுத்த வாரம் எங்க அக்கா வீட்டு நாய் ரெண்டையும் கூட்டிட்டு வரலாமா?"

துள்ளிக் குதித்துக் கூவவேண்டும் போலிருந்தது. நாயைப் பார்த்தேன். "கூட்டிட்டு வாங்க" என்றேன், ரகசியம் சொல்வது போல.

"என்னம்மா, தொண்டை கட்டிக்கிச்சா? எங்க, வாயைத் திறங்க பாப்போம்."

"வேண்டாம் டாக்டர்" என்று வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். "இப்பதான் மூடியிருக்கா."