பலகை முளைக்கும் வாசல்

லோமா சேக்கா உயர்நிலைப் பள்ளி தன் அமெரிக்க ஃபுட்பால் அணியின் கோச்சுக்குக் கொடுக்கும் வீட்டின் முன்வாசலில், அணி தோற்ற மறுநாள் காலை, 'விற்பனைக்கு' என்று எழுதிய பலகைகள் முளைக்கும். டெக்சாஸின் மற்ற ஊர்களில் இதை ஆட்களே செய்துவந்தார்கள். வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் தோற்றால், யாராவது ஒரு வீட்டுத் தரகரின் பலகையைக் கிளப்பிக்கொண்டு வந்து கோச் வீட்டு வாசலில் நட்டுவிட்டுப் போவார்கள். மூட்டையைக் கட்டு என்று அதற்கு அர்த்தம். லோமா சேக்காக்காரர்களும் ஆரம்பத்தில் கையால்தான் நட்டார்கள். நட்டு நட்டு மண்ணுக்கே பழக்கமாகிவிட்டது. சனிக்கிழமை விடியும்போது விரல் உயரம் இருக்கும், மதியத்துக்குள் முழங்கால் அளவு வளரும், ஞாயிற்றுக்கிழமை ஜனங்கள் சர்ச்சிலிருந்து திரும்பும்போது பலகை விரிந்து எழுத்து தெரியும். தொலைபேசி எண் கடைசியில்தான் பழுக்கும். அது பக்கத்து ஊர்த் தரகர் ஒருவருடைய எண்; தனக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்று அவர் சாதித்துவந்தார். கொஞ்சத்தில் தோற்றால் ஒன்றிரண்டு முளைக்கும், செம்மையாக உதை வாங்கினால் வாசலில் கால் வைக்க இடமிருக்காது. பிடுங்கிப் போட்டாலும் திங்கட்கிழமை திரும்ப வந்துவிடும். இத்தனைக்கும் அந்த ஊரில் ஒரு சாண் தோண்டினால் சுண்ணாம்புப் பாறை. புல்லே யோசித்து யோசித்துத்தான் வளரும்.

பள்ளி வாரியத்துக்கு இது மிகவும் சௌகரியமாகப் போயிற்று. யாரையும் கூப்பிட்டு உட்காரவைத்து முகத்துக்கு நேரே கசப்பான வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. பலகைகள் வாசற்படிவரை வந்ததும் கோச்சின் மனைவி அழுவாள், கோச் லாரிக்குச் சொல்லிவிடுவார், கிறிஸ்துமஸுக்குள் வீடு காலியாகிவிடும். லாரி தெருமுனை திரும்பியதும் பலகைகள் வாடி விழுந்துவிடும். "நாங்க யாரையும் வெளிய அனுப்பினதே இல்ல, வாசலே பாத்துக்கும்" என்று வாரியத் தலைவர் ஹோய்ட் டன்லப் தன் மாட்டுத்தீவனக் கடையில் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். ஆனால் அவர்கள் நேர்மையானவர்கள். புது கோச் வேலைக்கு ஆள் பார்க்கும்போதெல்லாம், வந்தவரை முதலில் அந்த வாசலுக்குத்தான் கூட்டிப்போவார்கள். பலர் வண்டி இன்ஜினைக்கூட அணைக்காமல் அப்படியே திரும்பிப் போய்விட்டார்கள்.

டெல்மர் ஸ்டக்கி இன்ஜினை அணைத்தார். சரித்திர வாத்தியார், சாதுவான மனிதர். அதற்கு முன் அரை டஜன் ஊர்களில் பையன்களைப் பந்தோடு ஓடவிட்டு, அரை டஜன் ஊர்களிலும் கொஞ்சம் ஜெயித்து நிறையத் தோற்றவர். ஹோய்ட் சொன்ன பலகை விவரம் முழுவதையும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். பிறகு வாசலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நடந்து பார்த்தார்.

"இங்க ஒரு மரம் வைக்கலாமா?" என்றார்.

"தாராளமா வைங்க கோச். பொழச்சா உங்க அதிர்ஷ்டம்" என்றார் ஹோய்ட். வேறு ஆளும் கிடைக்கவில்லை. அன்றைக்கே கைகுலுக்கி முடித்துக்கொண்டார்கள்.

அந்த மரம் அவர் மனைவி ஒலீட்டாவுடையது. அவளுடைய அப்பா ஆற்றோரத்தில் பெக்கான் கொட்டைத் தோப்பு வைத்திருந்தார். அவர் போன பிறகு தோப்பு கைமாறிவிட்டது; அவர் நட்ட மரத்தின் ஒரு கன்றை மட்டும் ஒரு பழைய துணி துவைக்கும் தொட்டியில் வைத்து ஒலீட்டா ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு திரிந்தாள். எந்த ஊரிலும் அதைத் தரையில் இறக்கவில்லை. பெக்கான் காய்க்க வருஷக்கணக்காகும். அவள் புருஷனின் வேலை அவ்வளவு காலம் எங்கேயும் தாங்கியதில்லை. கல்யாணப் பரிசாக வந்த வாஃபிள் பலகாரம் சுடும் சட்டியைக்கூட அவள் பெட்டியிலிருந்து எடுத்ததில்லை, மறுபடி கட்ட வேண்டியதுதானே என்று. இந்த முறை டெல்மரிடம் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள்: வாசல் பெரிதாக இருக்க வேண்டும், மரத்தை இறக்க வேண்டும், அதன் பிறகு இந்த ஜென்மத்தில் பெட்டி கட்டக் கூடாது. டெல்மர் திரும்பி வந்து, "வாசல் பெரிசு, ஒலீட்டா" என்றார். அவர் சொன்னதில் பொய் ஏதுமில்லை.

ஆகஸ்டில் குடிவந்தார்கள். பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில் வரவேற்பு விருந்து நடந்தது. ஊர்ப் பெண்கள் ஆளுக்கொரு பாத்திரத்தில் எதையாவது வேகவைத்து எடுத்துவந்து ஒலீட்டாவின் தலைமுடியையும் செருப்பையும் அளந்தார்கள். எதிர்வீட்டில் முடிதிருத்தும் கடை நடத்திய இமோஜீன் மட்டும், "பெட்டியெல்லாம் முழுசாப் பிரிச்சுடாத கண்ணு" என்று காதோரமாகச் சொன்னாள். ஏனென்று ஒலீட்டாவுக்குப் புரியவில்லை. மறுநாள் கடப்பாரையை வாசலில் போட்டபோது அது கணீரென்று மணி போல அடித்தது. மரம் தொட்டியிலேயே நின்றது.

முதல் ஆட்டத்தில் லோமா சேக்கா பையன்கள் முப்பத்துநாலுக்கு ஆறு என்று தோற்றார்கள். மறுநாள் காலையில் காபியோடு வெளியே வந்த ஒலீட்டா வாசலில் முளைவிட்டிருந்தவற்றைக் குனிந்து பார்த்தாள்.

"டெல்மர், இதெல்லாம் என்னது?"

"பலகை."

"உனக்குத் தெரியுமா இது?"

"சொன்னாங்க."

"எங்கிட்ட நீ சொல்லல."

"நீ வாசல் பெரிசான்னுதானே கேட்ட."

அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவள் அவரோடு பேசவில்லை. அந்த இரண்டு வாரமும் அணி தோற்றது. பேச ஆரம்பித்த பிறகும் தோற்றது. பையன்கள் நல்லவர்கள், சொன்னதைக் கேட்பவர்கள், ஆனால் எல்லோரும் குட்டை. எதிரணிக்காரர்கள் அவர்களை வேலியைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போனார்கள். டெல்மர் பயிற்சி முடிந்து வந்தால் வீட்டுக்குள் வராமல் வண்டியிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்க்க ஒலீட்டாவுக்குப் பாவமாகவும் இருந்தது, இரண்டு அறை விடலாம் போலவும் இருந்தது. நவம்பரில் பலகைகள் படியேறின. கோபம் பொறுக்காமல் ஒருநாள் ஒன்றைப் பிடித்து இழுத்தாள். வெளியே வந்த வேர் அவள் உயரத்துக்கு இருந்தது, ஈரமாக இருந்தது. நகத்தால் பெயிண்ட்டைச் சுரண்டினாள், உள்ளே பச்சை. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியும் கட்டவில்லை.

டிசம்பர் பிறந்தது, லாரி வரவில்லை. வாரியத்தினர் தெருவைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். கடைசியில் ஹோய்ட் தன் மனைவி மோர் ஊற்றிச் சுட்ட இனிப்புப் பலகாரம் ஒன்றைத் தட்டோடு எடுத்துக்கொண்டு, பலகைகளுக்கு நடுவே வளைந்து நெளிந்து வந்து கதவைத் தட்டினார்.

"குளிரு ஜாஸ்தியாயிருச்சேம்மா."

"ஆமா. உள்ள வாங்க, காபி இருக்கு."

"இல்லம்மா, இருக்கட்டும். இந்தப் பலகையெல்லாம் இப்படி நெருக்கியடிச்சு வந்துருக்கே, போக வரக் கஷ்டமா இல்லையா?"

"ஒதுங்கி நடந்துக்குறோம்."

"முன்ன இருந்தவங்கல்லாம் கிறிஸ்துமஸுக்குள்ள..."

"கிறிஸ்துமஸுக்குள்ள என்ன பண்ணாங்க?"

ஹோய்ட் தொப்பியைச் சுழற்றினார்.

"பாருங்க மிஸ்டர் டன்லப்" என்றாள் ஒலீட்டா. "என் புருஷனை வேலையவிட்டு எடுக்கணும்னா வாயத் திறந்து சொல்லுங்க. பலகை சொல்றதெல்லாம் என் காதுல விழாது."

ஹோய்ட் வாயைத் திறந்தார். எதுவும் வரவில்லை. "தட்ட மெதுவாக் குடுத்தாப் போதும்மா" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போனார்.

வாரியம் கூடிப் பேசியபோதுதான் ஓர் உண்மை வெளியே வந்தது. ஒரு கோச்சை எப்படி வேலையைவிட்டு எடுப்பது என்று அந்த ஊரில் உயிரோடிருந்த யாருக்கும் தெரியவில்லை. இத்தனை காலமும் மண்தான் அந்த வேலையைச் செய்துவந்தது. நீ சொல், நீ சொல் என்று ஒருவரையொருவர் கையைக் காட்டினார்கள். ஹோய்ட் கடைக்குள் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். கண்ணாடியில் இருந்தவர் முகம் அவ்வளவு வாடியதில் அவருக்கே மனசு கேட்கவில்லை. வசந்தத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கலைந்தார்கள்.

ஜனவரியில் பனி மழை பெய்து ஊரே கண்ணாடியாக உறைந்தது. தொட்டி இரண்டாகப் பிளந்தது, வேர் கருகிவிட்டது. ஒலீட்டா உடைந்த தொட்டி பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அப்பா செத்தபோதுகூட அழாத அழுகையை அழுதாள். டெல்மர் என்ன செய்வதென்று தெரியாமல் தன் மேல்கோட்டைக் கழற்றி அவளுக்கும் மரத்துக்குமாகச் சேர்த்துப் போர்த்தினார். அழுது முடித்ததும் அவள் எழுந்து, மரத்தின் நுனியில் இன்னும் உயிர் இருந்த குச்சிகளை வெட்டி, ஈர நியூஸ்பேப்பரில் சுற்றி, குளிர்பதனப் பெட்டியில் மோர் பக்கத்தில் வைத்தாள்.

ஏப்ரலில் பட்டை இளகும் பருவம் வந்ததும் ரம்பத்தை எடுத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். பலகையின் தலையை அறுத்தாள், கம்பத்தின் பட்டையைக் கீறினாள், தோப்பில் அப்பா ஒட்டுக்கட்டுவதைப் பார்த்திருந்தபடியே குச்சியைச் சீவிச் செருகினாள். "கட்டறதுக்கு எதாவது கொண்டா" என்றாள். பையன்களின் கணுக்காலுக்குச் சுற்றும் வெள்ளை டேப்பை டெல்மர் எடுத்துவந்தார். வாழ்நாள் பூராவும் கணுக்கால் கட்டியவர் ஆதலால் சுருக்கமில்லாமல், இறுக்கமாக, பிரமாதமாகக் கட்டினார். அன்று சாயங்காலத்துக்குள் வாசல் முழுக்க ஆட்டத்துக்குத் தயாரான அணி போல நின்றது. ஒலீட்டா அவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்த ஊருக்கு வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று எதிர்க் கடையிலிருந்து இமோஜீன் சாட்சி சொன்னாள்.

மே மாதம் ஒவ்வொரு கம்பத்திலும் இலை விட்டது. வாரியம் மறுபடி கூடி, மரம் துளிர்த்திருக்கும் நேரத்தில் ஒரு குடும்பத்தைக் கிளப்புவது அழகல்ல என்று தள்ளிப்போட்டது. அடுத்த வருடமும் அணி தோற்றது, ஒலீட்டா ஒட்டுக்கட்டினாள். இந்தக் கம்பங்களின் வேர் பாறையைத் துளைத்துப் பழகியது. குளிர்காலத்தில் தோண்டி எடுத்து எங்கே வைத்தாலும் பிடித்துக்கொண்டது. முதல் மரம் இமோஜீன் கடை முன் போனது. அடுத்தது சர்ச்சுக்கு. பிறகு ஹோய்ட் தட்டைத் திருப்பி வாங்க வந்ததுபோல வந்து, தயங்கித் தயங்கி, தனக்கும் ஒன்று கேட்டார். வருடங்கள் போகப் போக வெயிலில் காய்ந்த ஊரில் தெருவுக்குத் தெரு நிழல் விழுந்தது. காய்க்கத் தொடங்கியபோது கொட்டை ஓடுகளில் கருங்கோடுகளுக்கு நடுவே 'விற்பனைக்கு' என்று, அதே தரகரின் தொலைபேசி எண்ணோடு, பொடி எழுத்தில் தானாக எழுதியிருந்தது. சந்தையில் தனியாக எழுதி வைக்க வேண்டாம் என்று எல்லோரும் அதைச் சௌகரியமாகத்தான் நினைத்தார்கள். பக்கத்து ஊர்த் தரகருக்கு ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் கொட்டை கேட்டுத் தொலைபேசி வரும். அவர் வீடு விற்பதை விட்டுவிட்டுக் கொட்டை வியாபாரத்தில் இறங்கிவிட்டார்.

இதற்கிடையில் பையன்களும் உயர்ந்தார்கள். கொட்டை தின்றதால் என்று பெண்கள் சொன்னார்கள், யாரும் தன்னைத் துரத்தாததால் டெல்மருக்கு நிதானமாகச் சொல்லிக்கொடுக்க முடிந்தது என்று ஆண்கள் சொன்னார்கள். அணி ஜெயிக்க ஆரம்பித்தது. ஒரு வருடம் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. ஊர் கொண்டாடியது, தீயணைப்பு வண்டியில் கோச்சை ஏற்றி ஊர்வலம் விட்டது. மறுவாரமே இமோஜீன் தெருவைக் கடந்து வந்தாள்.

"ஏன் கோச், நடுவுல ஒண்ணு தோத்தா என்ன குறைஞ்சா போயிருவீங்க? எங்க அக்கா வீடு இன்னும் வெயில்ல கெடந்து வேகுது."

"பாக்குறேன் இமோஜீன். பசங்க கேக்க மாட்டேங்கறாங்களே."

இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. முழங்கால் மடங்கவில்லை என்று டெல்மர் ஓய்வு பெறுவதாகச் சொன்னபோது, புது கோச்சுக்கு ஆள் பார்க்கும் வேலை மறுபடி வந்தது. எல்லோரும் சொல்லத் தயங்கிய விஷயம் ஒன்றிருந்தது: வீடு வேலையோடு சேர்ந்தது. வேலை போனால் வீடு போகும். ஒலீட்டாவுக்கு அது தெரியும். அவள் யாரிடமும் கேட்கவில்லை. மரங்களுக்குக் கீழே சருகு கூட்டிக்கொண்டே, எதை எடுத்துக்கொண்டு போவது என்று யோசித்தாள். எடுத்துக்கொண்டு போகக்கூடியதாக எதுவுமே இல்லை. ஹோய்ட்டுக்கு வயதாகிவிட்டது, என்றாலும் தலைவர் அவர்தான். ஒரு பலகாரத் தட்டைத் தூக்கிக்கொண்டு எந்த நாளும் வந்து நிற்பார் என்று அவள் காத்திருந்தாள். அவரோ இந்த முறையும் வாயைத் திறக்க முடியாமல் கடையிலேயே பதுங்கிக் கிடந்தார்.

அப்போது, ஆட்டமே இல்லாத ஜூன் மாதத்து ஒரு காலையில், வாசற்படி ஓரத்தில் ஒரே ஒரு பலகை முளைத்திருந்தது. ஒலீட்டா அது வளரும்வரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுத்து தெரிந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு தீவனக் கடைக்குப் போனாள்.

"வாசல்ல பலகை முளைச்சிருக்கு மிஸ்டர் டன்லப். வீடு விற்பனைக்குன்னு போட்டிருக்கு."

"அப்படியா?" என்றார் ஹோய்ட், மூட்டைக்குப் பின்னாலிருந்து.

"நாங்க வாங்கிக்கிறோம்."

அவ்வளவு சந்தோஷத்தை ஹோய்ட்டின் முகத்தில் அவள் அதுவரை பார்த்ததில்லை. "வாசல் சொன்னா சரிதாம்மா" என்றார். "இந்த விஷயத்துல நாங்க என்னைக்குமே குறுக்க வந்ததில்ல." அந்தப் பலகையில் தொலைபேசி எண் பழுக்கவே இல்லை. ஒலீட்டா வீட்டுக்கு வந்து, பரணிலிருந்து வாஃபிள் சட்டியை இறக்கினாள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது நன்றாகவே சூடேறியது.

புது கோச்சுக்குப் பள்ளிக்கூடம் தெருவின் மறுகோடியில் வீடு எடுத்துக் கொடுத்தது. செப்டம்பர் முதல் வெள்ளிக்கிழமை பையன்கள் நாற்பத்தொன்றுக்கு சைபர் என்று தோற்றார்கள், கோச்சின் இளம் மனைவி மறுநாள் காலையில் காபியோடு வெளியே வந்து வாசலைப் பார்த்துவிட்டு வாய்விட்டு அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது எதிரே ஒலீட்டாவும், அவளுக்குப் பின்னால் இமோஜீனும், இமோஜீனின் அக்காவும், இன்னும் பாதி ஊரும் நின்றிருந்தார்கள்.

"நல்ல விளைச்சல்" என்றாள் இமோஜீன், பலகைகளைப் பார்த்து நிறைவாக.

ஒலீட்டா வெள்ளை டேப் உருளை ஒன்றை அந்தப் பெண்ணின் கையில் வைத்தாள். "இது ஏப்ரலுக்கு. அதுவரைக்கும் வேலை ஒண்ணுமில்ல" என்றாள். "பெட்டியெல்லாம் பிரிச்சுட்டியா?"

"இன்னும் இல்ல."

"வா, பிரிப்போம்" என்று சொல்லி, பலகைகளுக்கு நடுவே ஒதுங்கி நடந்து வீட்டுக்குள் போனாள்.