மூன்று சொல் மன்னிப்பு

எங்கள் வீட்டில் மன்னிப்புக் கேட்க ஆள் அனுப்பும் பழக்கம் கிடையாது. தவறு செய்தவன்தான் வாய் திறக்க வேண்டும். என் அப்பா அப்படித்தான் சொல்வார், அவருடைய அப்பாவும் அப்படித்தான் சொன்னாராம். ஆனால் இருவருமே வாழ்நாளில் தாங்கள் ஒரு தவறும் செய்யவில்லை என்று நம்பியவர்கள். அதனால் அந்த வாய் எப்படித் திறக்கும் என்று பார்க்க எனக்குக் கொடுத்து வைக்கவில்லை.

என் மருமகள் தாய்லாந்துப் பெண். செயற்கைப் பல் செய்யும் கூடத்தில் வேலை. அவளுக்கு ஏழாவது மாதம் என்றதும் அவள் அப்பா பார்க்க வருவதாகச் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு ஆறு வருடத்தில் இதுதான் முதல் முறை. வருகிற மனிதர் லாட்ஜில் அறை பதிவு செய்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சுருக்கென்றது. சம்பந்தி லாட்ஜில் தங்கினால் பார்க்கிறவர்கள் எங்களைப் பற்றி என்ன நினைப்பார்கள்? மருமகளைக் கூப்பிட்டேன்.

"உங்க அப்பாவுக்கு இந்த வீட்டுல என்ன குறைச்சல்?"

அவள் ஆறு வருடத்தில் எங்கள் பேச்சை நன்றாகவே பிடித்துக்கொண்டவள். "மாமா, கல்யாணத்தன்னிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அப்பா ரெண்டு மணி நேரம் சாட்சிக் கையெழுத்துப் போடல. 'பையனோட அப்பா வரட்டும்'னு பக்கத்து நாற்காலியில பையை வச்சு இடம் பிடிச்சிட்டே இருந்தார். ஆபீஸ் மூடப் போறோம்னு அவங்க சொன்ன பிறகுதான் பையை எடுத்தார்."

இதை யாரும் என்னிடம் சொல்லவில்லை. என்னைக் கேட்காமல் முடிவு செய்த கல்யாணத்துக்கு நான் எதற்கு என்று, அந்த இரண்டு மணி நேரமும் வீட்டில் உட்கார்ந்து செய்தித்தாளில் டெண்டர் விளம்பரம் வரை படித்துக்கொண்டிருந்தேன். மகன் மேல் இருந்த கோபத்தில், கடல் தாண்டி வந்த ஒரு மனிதரைக் காக்க வைத்திருக்கிறேன்.

"நீங்க சொல்லுங்கப்பா, அவ அவங்க பாஷையில சொல்லிடுவா" என்றான் மகன்.

"என் வருத்தத்தை உன் பெண்டாட்டி வாயால சொல்லணுமா? உன் வேலையைப் பாரு."

அவர் வர இருபத்தாறு நாள் இருந்தது. அவர் வாசலில் நிற்கும்போதே நான் அவர் மொழியில் சொல்லிவிட வேண்டும், லாட்ஜுக்குப் போகாமல் அவர் இங்கேயே தங்க வேண்டும். மருமகளிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்திருப்பாள். ஆனால் அவள் அப்பாவிடம் மன்னிப்புக் கேட்க அவளிடமே பாடம் கேட்பது, ஆள் அனுப்புவதில் பாதி. மனைவியிடம் மட்டும் சொல்லிவிட்டு, மதிய வேளைகளில் கதவைச் சாத்திக்கொண்டு கணினி முன் உட்கார்ந்தேன்.

முதலில் கிடைத்த வீடியோவில் ஒரு பெண் சிரித்த முகத்தோடு நிதானமாகச் சொல்லிக் கொடுத்தாள். நல்ல ஆசிரியை கிடைத்தாள் என்று பத்து நாள் அவளையே பின்பற்றினேன். பதினொன்றாம் நாள் வேறொரு வீடியோ பார்த்தபோதுதான், அந்த மொழியில் 'நான்' என்பதற்கு ஆணுக்கு ஒரு சொல், பெண்ணுக்கு ஒரு சொல் என்று தெரிந்தது. பத்து நாளாக நான் ஒரு மரியாதையான பெண்மணியாகப் பேசிப் பழகியிருக்கிறேன்.

"இப்பவாவது தெரிஞ்சுதே. சம்பந்தி முன்னாடி என் புடவையையும் கேட்டிருப்பீங்க" என்றாள் மனைவி.

அடுத்து ஒரு செயலி. பூனை பால் குடிக்கிறது என்று சரியாகச் சொன்னால் நட்சத்திரம் கொடுத்துப் பாட்டும் போட்டது. எனக்கு எதற்குப் பூனை? மன்னிப்பு நாற்பதாவது பாடத்தில் இருந்தது. முப்பத்தொன்பது பாடத்தையும் முடித்தால்தான் திறக்குமாம். இன்னும் மூன்று தளங்களில் தேடினேன். அந்த மொழியில் குரலுக்கு ஐந்து நிலை. நடுவில் நிற்பது, தாழ்ந்து நிற்பது, இறங்குவது, உயர்ந்து நிற்பது, ஏறுவது. இதை ஒருவன் எண் போட்டுக் காட்டினான், இன்னொருவன் அம்புக்குறி போட்டான், மூன்றாமவன் எழுத்துக்குத் தொப்பி வைத்தான். எல்லாவற்றையும் ஒரே நோட்டில் குறித்துக்கொண்டு திரும்பிப் பார்த்தால் கோழி கிளறியதுபோல் இருந்தது. நோட்டைத் தூக்கி அலமாரி மேல் எறிந்தேன். பிறகு நாற்காலி போட்டு நானே எடுத்தேன்.

உருப்படியான ஒன்று கிடைத்தது ஒரு வீடியோவின் அடியில் யாரோ எழுதியிருந்த குறிப்பில். ஏதோ கல்லூரிக்காரர்கள் இலவசமாக வைத்திருக்கும் தளம். ஒவ்வொரு சொல்லையும் ஓர் ஆண் குரல் மெதுவாகச் சொல்லும், அந்தக் குரல் திரையில் நீலக் கோடாக ஓடும். நாம் திருப்பிச் சொன்னால் நம் குரல் சிவப்புக் கோடாக அதன்கீழ் ஓடும். இரண்டும் ஒத்துப் போக வேண்டும்.

எனக்கு வேண்டியது மூன்றே சொல். பொம் கோ தோத். நான், கேட்கிறேன், மன்னிப்பு, அவ்வளவுதான். முதல் இரண்டு சொல்லுக்கும் நீலக் கோடு கீழே குனிந்து மேலே ஏறியது. மூன்றாவது உச்சியிலிருந்து இறங்கியது. என் சிவப்புக் கோடு மூன்றுக்கும் தண்டவாளம் மாதிரி நேராகப் போனது.

தண்டவாளம் என்று சும்மா சொல்லவில்லை. முப்பத்தொரு வருடம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தவன் நான். குரல் ஏறி இறங்கினால் கூரையில் மோதிச் சிதறிவிடும், கடைசி நடைமேடைக்குப் போய்ச் சேராது. அதனால் எல்லாச் சொல்லையும் ஒரே மட்டத்தில் சொல்வதுதான் எங்கள் வேலை. அதற்காகவே என்னை மெச்சுவார்கள். இப்போது அதே குரலை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம், தொண்டை வற்றும்வரை கத்தினேன். கோடு அசையவில்லை.

மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். "ஒண்ணு கேக்கட்டுமா? ஒரு நாளைக்கு நூறு தடவை 'தாமதத்திற்கு வருந்துகிறோம்'னு சொன்னீங்களே, ஒரு தடவையாவது வருந்தின மாதிரி இருந்துச்சா?"

"அது நிர்வாகத்தோட வருத்தம். நான் எதுக்கு வருந்தணும்?"

"அதான் கோடு ஏற மாட்டேங்குது" என்று கதவைச் சாத்திவிட்டுப் போனாள்.

அவள் சொன்னதில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் சிக்கல் எங்கே என்று எனக்குத் தெரியும். 'நான்' என்ற சொல்லையே குரலை ஏற்றிச் சொல்லச் சொல்கிறார்கள். நம் பேச்சில் அப்படிச் சொன்னால் 'நானா?' என்று ஆகிவிடும். மாட்டிக்கொண்டவன் நழுவப் பார்க்கும் பேச்சு அது. என் வாயிலிருந்து அது வராது. வந்ததே இல்லை.

இருபத்தாறாம் நாள் மாலை நாலு மணிக்குச் சம்பந்தி வந்தார். ஒல்லியான மனிதர், படகு எஞ்சின் பழுது பார்ப்பவர், விரல் ரேகைகளில் கறுப்பு ஏறியிருந்தது. தோளில் ஒரு பை, கையில் ஒரு பெரிய பெட்டி. வாசலைத் தாண்டவில்லை. நான் எதிரே போய் நிமிர்ந்து நின்று சொன்னேன்.

"பொம் கோ தோத்."

மருமகள் பின்னாலிருந்து "மாமா!" என்றாள். மகன் வாயைப் பிளந்தான். சம்பந்தி பெட்டியைக் கீழே வைத்தார். புரியவில்லை என்பதுபோல் மகளைப் பார்த்தார். அவள் வாயெடுக்குமுன் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மறுபடியும் சொன்னேன்.

அவருக்கு இப்போது புரிந்துவிட்டது, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் தலையாட்டவில்லை. ஒரு காதை என் பக்கம் திருப்பி, எஞ்சின் சத்தம் கேட்பதுபோல் சாய்ந்து நின்று, "பொம்" என்று ஏற்றிச் சொன்னார்.

நான் சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார். மறுபடியும் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, இல்லை என்று தலையசைத்தார்.

"போதும்பா, அவருக்குப் புரிஞ்சிடுச்சு" என்றான் மகன்.

"நீ சும்மா இரு."

வாசலில் எதிர்வீட்டுக்காரர் வேறு வந்து நின்றுகொண்டார். ஐந்து, ஆறு, ஏழு. வியர்த்துக் கொட்டியது. ஒன்பதாவது முறை எரிச்சல் தலைக்கேறி, இந்த வயதில் நானா இப்படி நிற்க வேண்டும் என்று உள்ளே கேட்டுக்கொண்டேன். அந்த எரிச்சலில் குரல் தானாக மேலே போய்விட்டது.

சம்பந்தி சட்டென்று தலையாட்டினார். அடுத்த சொல்லுக்கு விரலை நீட்டினார். அதற்கு நாலு முறை ஆனது. மூன்றாவது இறங்கும் குரல், மகனை அதட்டுவதாக நினைத்துச் சொன்னதும் வந்துவிட்டது. ஆனால் மூன்றையும் சேர்த்துச் சொன்னபோது 'நான்' மறுபடியும் நேராகப் படுத்துக்கொண்டது.

அவர் மகளிடம் ஏதோ சொன்னார்.

"என்னவாம்? கோபமா?"

"இல்ல மாமா. பாதி சரியாயிடுச்சாம். இன்னிக்கு லாட்ஜுக்குப் போறாராம். நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வந்து மறுபடியும் கேக்கறாராம்."

மகன் பெட்டியைத் தூக்கப் போனான். சம்பந்தி அவன் கையைத் தட்டிவிட்டு, பெட்டியைக் காலால் எங்கள் வாசலுக்கு உள்ளே தள்ளி வைத்தார். தோள்பையோடு மட்டும் படியிறங்கிப் போனார்.

"பாதின்னா எது?" என்று மருமகளைக் கேட்டேன். "உச்சரிப்பா, இல்ல மத்ததா?"

"அதை நான் கேக்க மாட்டேன் மாமா. நீங்களே கேளுங்க. எப்படிக் கேக்கணும்னு வேணா சொல்லித் தரேன்."

பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து அறையில் வைத்தேன், நல்ல கனம். திரும்பி வந்து, அந்தக் கேள்வியில் எத்தனை ஏறும் குரல் என்று கேட்டேன்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்து, நான்கு என்றாள்.