சுடருக்கு மேல் ஒரு சுடர்

அந்த மனுஷனுக்குத் தெருவில் வைத்த பெயர் மகாராஜா. அரண்மனையும் கிடையாது, ஆனையும் கிடையாது. கால்பந்து மைதானத்தில் புல் வெட்டுகிற வேலைதான். ஆனால் ஏறி உட்கார்ந்து ஓட்டுகிற புல்வெட்டும் வண்டி ஒன்றை மைதானக்காரர்கள் அவர் கையில் கொடுத்திருந்தார்கள். தொப்பியைச் சரிசெய்து, முதுகை நிமிர்த்தி அவர் அதில் அமர்கிற தோரணையைப் பார்த்தவர்களுக்கு வேறு பெயர் வாயில் வராது.

வண்டி விஷயத்தில் மகாராஜா கறார். இன்ஜின் சூடு ஆறாமல் பெட்ரோல் மூடியைத் திறக்கமாட்டார். கூரைக்கு அடியில் வைத்து ஊற்றமாட்டார். பக்கத்தில் எவனாவது சிகரெட்டோடு வந்தால் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்வார். "பெட்ரோல் எரியறதில்லைய்யா, அதோட ஆவிதான் எரியும். கண்ணுக்குத் தெரியாது. தரையோட தரையா தண்ணி மாதிரி ஓடிவந்து காலைப் பிடிக்கும்" என்பார். இந்தப் பிரசங்கம் எதிர்வீட்டுத் தையற்காரருக்கு மனப்பாடம். மகாராஜா வாயைத் திறந்தாலே இவர் மீதியைச் சொல்லி முடித்துவிடுவார்.

குளிர் தொடங்கியது. புல் வளர்வதை நிறுத்திக்கொண்டது. இனி இரண்டு மூன்று மாதம் வண்டிக்கு ஓய்வு. மைதானத்துக் கொட்டகையின் கூரையோ போன காற்றில் பறந்து எங்கேயோ போய் விழுந்திருந்தது. வண்டி நனையப் போகிறதே என்று மகாராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. "எங்க வீட்லயே வச்சுக்கறேன்" என்று சொல்லி, ஒரு காலை நேரம் தெருவே வேடிக்கை பார்க்க அதை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

வீட்டுக்குப் பின்பக்கம் துணி துவைக்கிற அறை ஒன்று உண்டு. சலவை இயந்திரம், தண்ணீர்க் குழாய், மூலையில் தண்ணீர் சுடவைக்கிற பழைய கேஸ் ஹீட்டர். ஹீட்டரின் அடியில் அதைப் பற்றவைப்பதற்கென்று சின்னதாக ஒரு சுடர் இரவும் பகலும் எரிந்துகொண்டே இருக்கும். அதை மறைக்கிற தகர மூடி எப்போதோ கழன்று தொலைந்துபோனது. அதனால் அந்த அறை எப்போதும் கதகதப்பு.

"துணி துவைக்கிற இடத்துல இந்த யானையைக் கட்டினா நான் எங்க போய் நிக்கறது?" என்றாள் மனைவி.

"வெளிய நின்னா துருப்பிடிச்சுடும்மா. உள்ள வெதுவெதுன்னு இருக்கும்."

"ஆமா, நாளைக்கு அதுக்குத் தாலாட்டும் பாடச் சொல்லுவீங்க."

மகாராஜா காதில் வாங்கவில்லை. கொல்லையில் வண்டியை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் ஒயரைப் பிடுங்கிவிட்டு, வண்டிக்கு அடியில் அப்பியிருந்த காய்ந்த புல்லை எல்லாம் சுரண்டினார். பழைய ஆயிலை வடித்துப் புதிது ஊற்றினார். மாதக்கணக்கில் நின்றாலும் பெட்ரோல் கெடாமலிருக்க ஒரு மருந்து விற்கிறது. அதையும் டாங்கியில் கலந்தார். ஒயரை மாட்டிக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, மருந்து கார்புரேட்டர் வரை போய்ச் சேர்ந்ததென்று நிச்சயப்படுத்திக்கொண்டு, மறுபடி ஒயரைக் கழற்றினார். பாட்டரியையும் பிரித்தாயிற்று. இன்ஜின் ஆறியதும், டாங்கி காலியாக இருந்தால் உள்ளே ஈரம் கோக்கும் என்று கேனை எடுத்து ஊற்றினார். கழுத்துவரை, இன்னொரு சொட்டுக்கும் இடமில்லாமல். அள்ளிக் கொடுத்தால்தான் அவருக்கு மனசு நிறையும். பிறகு வண்டியை அறைக்குள் தள்ளி, வீட்டிலிருந்த நல்ல கம்பளியாகப் பார்த்துப் போர்த்தி, கொல்லைக் கதவை இறுக்கச் சாத்தினார்.

நெருப்பு என்றால் அவருக்குச் சிகரெட், தீக்குச்சி, அடுப்பு. மூலையில் தன்பாட்டுக்கு எரிவது ஹீட்டர். நாம் பற்றவைக்காத நெருப்பை நெருப்பென்று நினைக்க யாருக்குத்தான் தோன்றுகிறது?

மைதானத்தின் சாவியைக் கொடுத்துவிட்டு அவர் திரும்பி வந்தபோது வெயில் ஏறியிருந்தது. பாப்பா நடுஅறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். டாக்டரே கைவிரித்த பிறகு, இனி இல்லை என்று இவர்களும் மனசைத் தேற்றிக்கொண்ட பிறகு பிறந்தவள். உருண்டு விழுந்துவிடுவாள் என்று தரையிலேயே மெத்தை போட்டிருந்தார்கள். மெத்தையின் தலைமாட்டை ஒட்டித்தான் பின்னறைக் கதவு. கதவு ஒருக்களித்திருந்தது.

"என்னங்க, மெதுவா வாங்க. இங்க ஒண்ணு காட்டறேன்" என்று உள்ளிருந்து மனைவியின் குரல்.

அவள் ஹீட்டருக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மகாராஜாவும் பக்கத்தில் போய்க் குந்தினார்.

சுடர் வளர்ந்திருந்தது. வழக்கமாகக் கடலை அளவுக்கு இருப்பது விரல் நீளத்துக்கு நின்றது. அதுகூடப் பெரிதில்லை, அதன் மேல் இன்னொரு சுடர் உட்கார்ந்திருந்தது. வெளிறிய நீலம். இருக்கிறதா இல்லையா என்று கண்ணைக் கசக்கிப் பார்க்கவேண்டிய நீலம். உள்ளிருக்கும் சுடரைத் தொடாமல் அதை மூடிக்கொண்டு நின்றது. மூச்சுவிட்டால் அசைந்தது. அசைந்து, இன்னும் கொஞ்சம் உயர்ந்தது. மகாராஜாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருஷமாக வீட்டு மூலையில் கிடக்கிற ஹீட்டருக்குள் இப்படி ஒன்று இருந்ததா என்று இன்னும் குனிந்து பார்த்தார்.

"எவ்வளவு அழகா இருக்கு பாருங்க" என்று கிசுகிசுத்தாள். "லைட்டை அணைங்க, இன்னும் நல்லாத் தெரியும்."

அவர் எழுந்து ஸ்விட்சில் விரலை வைத்தார்.

"நீங்க வந்து ரொம்ப நேரமாச்சே, எங்க போய் உட்கார்ந்திருந்தீங்க?"

"இப்பத்தானே வர்றேன்."

"சும்மா சொல்லாதீங்க. உங்க பெட்ரோல் வாசனை அப்பவே வந்துடுச்சு. என்னங்கன்னு கூப்பிட்டேன், பதிலே இல்ல."

ஸ்விட்சில் வைத்த விரல் அப்படியே நின்றது. அவருடைய சட்டை, தலைமுடி, தலையணை எல்லாமே பெட்ரோல் வாசனைதான். அந்த வீட்டில் அந்த வாசனைக்குப் பெயர் புருஷன். மெல்லக் கண்ணைத் திருப்பி வண்டியைப் பார்த்தார். கம்பளியின் ஓரம் நனைந்து தரையில் படிந்திருந்தது. அந்த ஈரத்துக்கும் சுடருக்கும் நடுவே தரை வெறுமையாகத்தான் தெரிந்தது. அது வெறுமையில்லை என்று அவருக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் சொன்னவராயிற்றே.

விரலை ஸ்விட்சிலிருந்து பூப்போல எடுத்தார்.

"எதையும் தொடாதே. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு முன்வாசல் வழியா தெருவுக்குப் போ. ஒரு ஸ்விட்சும் போடாதே, அணைக்காதே. ஓடாதே, நட."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். குழந்தையைத் தோளில் சாத்திக்கொண்டு போய்விட்டாள்.

மகாராஜாவும் முன்வாசல் வழியாகவே வெளியேறி, வீட்டைச் சுற்றிக் கொல்லைக்கு ஓடினார். கேஸ் சிலிண்டர் வெளிச்சுவரை ஒட்டி நின்றது. வால்வைத் திருகி மூடினார். பக்கத்து ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தார். குழாயில் மிச்சமிருந்த கேஸைக் குடித்துக்கொண்டு இரண்டு சுடரும் அப்படியே நின்றன. இத்தனை அழகான ஒன்று, இத்தனை அமைதியாக, தன் வீட்டைத் தூக்கிச் சாப்பிட வந்திருக்கிறது. அவருக்குக் கோபம் வரவில்லை, அழுகை வரவில்லை, கைகூப்பத்தான் தோன்றியது. மேலே இருந்த நீலம் தணிந்தது. கீழே இருந்தது கடலையாகிப் பொட்டாகி, அணைந்தது.

பிறகுதான் கொல்லைக் கதவை விரியத் திறந்துவிட்டுத் தள்ளி நின்றார். காற்று உள்ளே புகுந்து வாசனை முழுக்கப் போகிற வரைக்கும் அங்கேயே நின்றார். கம்பளியை உருவினபோது கனத்தது. காலைக் குளிரில் கழுத்துவரை ஊற்றிய பெட்ரோல், அறையின் வெதுவெதுப்பில் விரிந்து, இடம் போதாமல், மூடியிலிருந்த சின்னத் துளை வழியாகக் கசிந்து வழிந்திருக்கிறது. அவர் அள்ளிக் கொடுத்ததுதான். வண்டியைக் கொல்லைக்கோடியில் வேலியோரம் வரை தள்ளிக்கொண்டு போய் நிறுத்தி, தார்ப்பாயை மூடினார். துருப்பிடித்தால் பிடிக்கட்டும்.

ஈரத்தைத் துடைக்க உள்ளே போனவர் குழாயடியில் நின்றுவிட்டார். அங்கே பாப்பாவின் குளியல் தொட்டி. பக்கத்தில் சோப்பு, மடித்த துண்டு. தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் ஹீட்டருக்குள் சுடர் போதாதென்று பெரிய அடுப்பு குபீரென்று பற்றிக்கொள்ளும். தினமும் கேட்கிற சத்தம்தான் அது.

தெருவுக்கு வந்தார். மனைவி எதிர்வீட்டுத் தையற்காரரின் திண்ணையில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள்.

"தொட்டியை எப்ப வச்சே?"

"உங்க வாசனை வந்த கொஞ்ச நேரத்துல. பாப்பா முழிச்சதும் குளிப்பாட்டலாம்னு."

"தண்ணியைத் திறக்கலையா?"

"திறக்கத்தான் குனிஞ்சேன். அப்பத்தான் அது கண்ணுல பட்டுது" என்று சங்கடமாகச் சிரித்தாள். "பார்த்துட்டே உட்கார்ந்துட்டேன். குளியலே மறந்துபோச்சுங்க. திட்டாதீங்க."

மகாராஜா அவளுடைய காலடியில் மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். பாப்பா விழித்துக்கொண்டு, அழுக்கும் எச்சிலுமாக அவரைப் பார்த்துச் சிரித்தாள். அந்தப் பிஞ்சுக் கையை எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் குளிக்கவில்லை.