வாய்வரை ஐஸ்

கணவர் இறந்த பின் அண்ணன் வீட்டு அடுப்படியில் காலம் தள்ள ஆவுடைத்தாய்க்குச் சம்மதமில்லை. தென்காசிப் பக்கம் மேலகரத்தில் கொட்டகை போட்டு இருநூறு வெள்ளை லெகார்ன் கோழிக்குஞ்சுகள் வளர்த்தாள். அவை முட்டையிடும்வரை பிழைத்தால் தன் வீடு; செத்தால் அடுப்படி.

கோழிகளைக் கூட்டமாகக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய்தான் ஒரே பயம். எட்டாவது வாரம் தடுப்பூசி போட வேண்டும். திருநெல்வேலியிலிருந்து மருந்துக் குப்பியை ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில் கொண்டுவர வேண்டும். சூடு பட்டால் அது வெறும் தண்ணீர் என்று கால்நடை டாக்டர் நமசிவாயம் சொல்லியிருந்தார். அதையே தம்பி குற்றாலிங்கத்திடம் மூன்று முறை சொல்லித்தான் பிளாஸ்கைக் கொடுத்தனுப்பினாள்.

ஆனி மாதச் சாரல். மாலையில் வரவேண்டியவன் மறுநாள் காலையில் வந்தான். ரயில் தவறிவிட்டதாம். பிளாஸ்கைத் திறந்தாள். வாய்வரை ஐஸ், நடுவில் குப்பி. நிம்மதியானாள். டாக்டர் ஊசி போட, தம்பி கோழிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கொடுத்தான். பிளாஸ்கைக் கழுவும்போது காப்பி வாசம் வந்தது. பழைய பிளாஸ்க்தானே என்று விட்டுவிட்டாள்.

ஐந்து வாரம் கழித்துப் பக்கத்து ஊரில் நோய் வந்தது. நாலாம் நாள் அவள் கோழிகளும் கழுத்துத் திருகி விழுந்தன. ஒரே வாரத்தில் நூற்று எண்பது.

மருந்து சூடு பட்டிருக்கிறது என்றார் டாக்டர். வாய்வரை ஐஸ் இருந்ததே என்றாள் அவள்.

"முந்தின நாள் வச்ச ஐஸ் எப்படிம்மா வாய்வரை இருக்கும்?"

ரயில் இறங்கும் தென்காசியில் ஐஸ் விற்பது ஒலி முகம்மதுவின் சோடாக் கடை ஒன்றுதான். அங்கே போய்க் கேட்டாள். அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"அன்னைக்கு விடியக்காலம் ஒங்க தம்பி ஐஸ் வாங்க வந்தாருக்கா. கூட்டாளிமாரோட குத்தாலத்துல தங்கிட்டு வாரேன்னாரு. பிளாஸ்க்ல மிஞ்சுன காப்பிய இங்கனதான் கொட்டுனாரு. குப்பி சட்டைப் பையில கெடந்துச்சு."

அவள் திரும்பியபோது குற்றாலிங்கம் சுண்ணாம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, செத்த கோழிகளைப் புதைக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தான்.

"எல்லாம் நம்ம நேரம்க்கா" என்றான்.

"குத்தாலத்துல காப்பி சூடா இருந்துதாலே?"

மண்வெட்டி நின்றது. மருந்து கெட்டதைச் சொன்னால் அவள் வைவாளே என்று பயந்ததாகச் சொன்னான்.

"வைதுட்டு வேற மருந்து வாங்கப் போயிருப்பேன். தெரிஞ்சுக்கிட்டே ஒவ்வொரு கோழியாப் புடிச்சுக் குடுத்தியேலே."

அடுத்த வாரம் அண்ணன் வீட்டு அடுப்படியில் எல்லோருக்கும் காப்பி போட்டு அவளே கொண்டுபோய்க் கொடுத்தாள். குற்றாலிங்கத்தின் டம்ளரை மட்டும் அண்ணி எடுத்துக்கொண்டு போனாள்.